பீரோ வந்தது... பூட்டு எங்கே?

தங்கைக்குக் கல்யாணம். சீர் லிஸ்ட்டில் கட்டில், மெத்தை, பீரோ. "பீரோ என் கணக்கு மச்சான்!" என்றான் அத்தை பையன். பாரீஸிலேயே பிறந்து வளர்ந்த ஆசாமி, தமிழ் அரைகுறை.

மறுநாள் முதலியார்பேட்டையில் எங்கள் வாசலுக்கு மினி லாரி வந்தது. இறங்கியது... ஒரு தேக்கு எழுதுமேஜை!

அம்மாவுக்கு மயக்கம் வராத குறை. "சம்பந்தி வீட்டுக்கு என்னடா பதில் சொல்றது? நகையை எங்க வெச்சுப் பூட்டுறது?"

அவன் மேல் தப்பில்லை சார்! பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எழுதுமேஜை, ஆபீஸும் அதேதான். லண்டன்காரருக்கு அது மூடி போட்ட மேஜை. அமெரிக்கருக்குத் துணி வைக்கிற இழுப்பறைப் பெட்டி. கண்ணாடி பதித்த இரும்பு அலமாரி என்பது நம்ம பக்கம்தான்.

நல்லவேளை, 'காட்' வாங்க லண்டன் சொந்தம் யாரும் கிளம்பவில்லை. அங்கே 'காட்' என்றால் குழந்தை படுக்கிற கட்டில்!

பழைய பிரெஞ்சில் 'ப்யூரெல்' என்பது முரட்டுக் கம்பளித் துணி. மேஜைமேல் அதை விரித்ததால் துணியின் பேர் மேஜைக்கு வந்தது. பிறகு அறைக்கு, ஆபீஸுக்கு. நம்மிடம் வந்து மறுபடி துணி வைக்கிற பெட்டியாகிவிட்டது! 2020-ல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. மில்லில் ஒரு காலத்தில் தறி ஓட்டியவர் அப்பா. கேட்டுச் சிரித்தார்: "கடைசியில எல்லாம் துணிதான்டா!"

தங்கை மேஜையைத் தடவிப் பார்த்தாள். "இதுவே இருக்கட்டும்ணே. பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கணும்."

சம்பந்தியம்மா முணுமுணுத்தார். மேஜையும் போனது, தங்கையும் படித்தாள்.

முதல் சம்பளத்தில் என்ன வாங்கினாள் தெரியுமா? பூட்டோடு ஒரு பீரோ!