கோழி சும்மாவா உட்கார்ந்திருக்கிறது?

அடைக்கோழியைப் பார்த்திருக்கிறீர்களா? கூடைக்குள் முட்டைகளின்மேல் உடம்பைப் பரப்பி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு முறைக்கும். 21 நாளும் இதே கதைதான். பார்க்கிறவர்களுக்கு அது சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது எத்தனை வேலை பார்க்கிறது என்பது, அதன் இடத்தில் ஓர் இயந்திரத்தை வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

அந்த இயந்திரம்தான் இன்குபேட்டர். வீட்டில் செய்துகொள்வது ரொம்ப எளிமையாக இருக்கும். ஒரு தெர்மோகோல் பெட்டி, சூடு தர ஒரு பல்பு, சூட்டைச் சீராகப் பரப்பக் குட்டி மின்விசிறி, சூடு ஏறினால் பல்பை அணைத்து இறங்கினால் எரியவிடும் தெர்மோஸ்டாட், ஒரு கிண்ணம் தண்ணீர். மின்சாரமும் தண்ணீரும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், இதைப் பெரியவர்களோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

கடையில் வாங்கிய பண்ணை முட்டையை வைத்தால் குஞ்சு வருமா? வராது. முட்டைக்காக வளர்க்கும் பண்ணைகளில் சேவலே இருக்காது. சேவலோடு சேர்ந்து மேயும் கோழியின் முட்டையில்தான் கரு இருக்கும். சேவலும் கோழியும் சேர்த்து வளர்க்கும் வீட்டில் கேட்டு, இட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகாத முட்டைகளாக வாங்குங்கள். கழுவாதீர்கள். ஓட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது. கிருமிகள் உள்ளே போகாமல் தடுப்பது அதுதான்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரலாம். கோழி ஒரே நாளில் பத்து முட்டை இடாதே? நாளுக்கு ஒன்று, நடுவில் ஒருநாள் விட்டும் இடும். பிறகு எப்படி எல்லாக் குஞ்சும் ஏறக்குறைய ஒரே நாளில் வெளியே வருகின்றன? முட்டை வெளியே வந்து ஆறியதும் உள்ளே இருக்கும் கரு வளர்ச்சியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். கோழி அடை உட்கார்ந்து சூடு கிடைத்த பிறகுதான் எல்லா முட்டையிலும் கணக்கு ஒன்றாகத் தொடங்கும்.

அந்தச் சூடு எவ்வளவு? மின்விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ். கோழிக்கு வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து, வெறும் தோல் முட்டையைத் தொடும். அதன் சூடு நேராக இறங்கும். கோழி இல்லாமலே இந்தச் சூட்டைக் கொடுக்க, எகிப்தில் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே மண்செங்கல் அடுப்பு கட்டி, வறட்டி எரித்துக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். வெப்பமானி கிடையாது. முட்டையைக் கண் இமைமேல் வைத்தே சூட்டைக் கணித்தார்கள்! பிரான்ஸ் நாட்டு அறிஞர் ரெயோமூர் இந்த அடுப்புகளைப் பற்றி விசாரித்து, 1749-இல் ஒரு புத்தகமே எழுதினார். வெப்பமானிக்கு ஓர் அளவுமுறை வகுத்தவரும் அவர்தான்.

கொஞ்ச நேரம் மின்சாரம் போனால் பயப்படாதீர்கள். கோழியும் இரை தின்ன எழுந்து போகிறதல்லவா? சூடு கூடுவதுதான் ஆபத்து. 40 டிகிரியைத் தாண்டி அப்படியே நின்றால் கருக்கள் செத்துவிடும்.

அடுத்த வேலை, உருட்டுவது. கோழி அலகால் முட்டைகளைப் பகலும் இரவும் புரட்டிக்கொண்டே இருக்கும். மஞ்சள் கரு மேல்நோக்கி மிதக்கும் தன்மை உடையது. அதன் உச்சியில் இருக்கும் குட்டிக் கரு, ஒரே நிலையில் கிடந்தால் ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டுவிடும். ஆகவே ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டுக்கொண்டு நாம் திருப்ப வேண்டும். ஒரு நாளைக்கு 3 அல்லது 5 முறை. ஏன் ஒற்றைப்படை? ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். 4 முறை திருப்பினால் தினமும் இரவில் ஒரே குறிதான் மேலே இருக்கும். 3 முறை என்றால் இன்று பெருக்கல், நாளை வட்டம். நாம் தூங்கும் நீண்ட நேரம் இரண்டு பக்கத்துக்கும் மாறி மாறிக் கிடைத்துவிடும்.

தண்ணீர்க் கிண்ணம் எதற்கு? முட்டை ஓடு பார்ப்பதற்கு வழவழப்பாக இருந்தாலும் அதில் ஏறத்தாழ 10,000 நுண்துளைகள் உண்டு. 60 கிராம் முட்டை ஒன்று, குஞ்சு வெளிவருவதற்குள் அந்தத் துளைகள் வழியே சுமார் 6 லிட்டர் ஆக்சிஜனை உள்ளே இழுக்கிறது. 9 கிராம் நீரை ஆவியாக வெளியே விடுகிறது. நீர் போன இடத்தை, அகன்ற முனையில் இருக்கும் காற்றறை நிரப்பிக்கொண்டு பெரிதாகும். பெட்டியில் ஈரம் மிஞ்சினால் காற்றறை வளராது. குறைந்தால் குஞ்சு வறண்டுபோகும். முதல் 18 நாள் ஈரப்பதம் 50 சதவீதம் போதும். பெட்டியில் காற்று வந்துபோகச் சில துளைகளும் வேண்டும்.

ஏழாம் நாள் இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு ரத்தக் குழாய்கள் கிளைகிளையாகப் பிரிந்து ஓடும். நடுவே கருப்பாக ஒரு புள்ளி அசையும். இதயம் இரண்டாம் நாளே துடிக்கத் தொடங்கியிருக்கும். எதுவும் தெரியாமல் வெளிச்சம் ஊடுருவினால் அதில் கரு இல்லை. எடுத்துவிடலாம்.

18-ஆம் நாளோடு உருட்டுவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65–70 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். இனிமேல் குஞ்சின் வேலை. முதலில் அலகால் உட்சவ்வைக் கிழித்துக் காற்றறைக்குள் மூக்கை நீட்டும். நுரையீரலால் அது இழுக்கும் முதல் மூச்சு அங்கேதான்! ஓட்டுக்குள்ளிருந்தே 'கீச்' என்று கத்தும். அடைக்கோழி இருந்தால் பதில் குரல் கொடுக்கும். அலகின் நுனியில் கூரான சின்ன மேடு ஒன்று இருக்கிறது. அதனால் குத்தி ஓட்டில் விரிசல் விழ வைக்கும். எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்பை ஓட்டிலிருந்தே எடுத்து வளர்ந்ததால், ஓடும் சற்று மெலிந்திருக்கும்.

விரிசல் விழுந்ததும் குஞ்சு சும்மா படுத்துவிடும். மணிக்கணக்காக அசையாது. ஐயோ பாவம், உடைத்துவிடுவோமே என்று கை துறுதுறுக்கும். கூடவே கூடாது! சவ்வில் இன்னும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் முழுதாகப் போயிருக்காது. நாம் ஓட்டைப் பிய்த்தால் குஞ்சுக்கு ரத்தம் கொட்டும். மூடியை அடிக்கடி திறந்தாலும் ஈரம் போய், சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும். 24 மணி நேரம்வரைகூட ஆகலாம், பொறுத்திருங்கள். தயாரானதும் அது உள்ளேயே வட்டமாகச் சுழன்று, ஓட்டின் தலைப்பகுதியை வெட்டிக் காலால் உந்தி வெளியே வரும்.

பிறந்த குஞ்சு தின்னவில்லையே என்றும் பதற வேண்டாம். வயிற்றுக்குள் இழுத்த மஞ்சள் கரு இரண்டு நாளைக்குத் தாங்கும். இறகு உலர்ந்து பஞ்சுபோல் ஆன பிறகு, வேறு கதகதப்பான பெட்டிக்கு மாற்றித் தண்ணீரும் தீவனமும் வையுங்கள். குஞ்சைத் தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்; சால்மொனெல்லா என்ற கிருமி குஞ்சுகளிடம் இருக்கலாம்.

முட்டை வாங்கும் முன் வீட்டில் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: வருகிற குஞ்சுகளில் பாதி சேவல்களாக இருக்கும். விடியற்காலையில் அத்தனையும் கூவும். பக்கத்து வீட்டுக்காரர் சம்மதிப்பாரா?