ஐந்து கிலோ அரிசிப் பையும் ஜப்பானியரின் பேச்சும்

ஜப்பானில் கடைக்குப் போய் அரிசி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எடுப்பது 5 கிலோ பை. 2024 தொடக்கத்தில் அந்தப் பை சுமார் 2,000 யென்னுக்குக் கிடைத்தது. 2025 மே மாதத்தில் நாடெங்கும் உள்ள பல்பொருள் அங்காடிகளில் அதன் சராசரி விலை 4,285 யென்னைத் தொட்டது. இந்தியப் பணத்தில் ஏறக்குறைய 2,500 ரூபாய். அந்த மாத விலைவாசிக் குறியீட்டில் அரிசி ஓராண்டுக்குள் 101.7 விழுக்காடு ஏறியிருந்தது; அரை நூற்றாண்டில் காணாத ஏற்றம் அது. முப்பது ஆண்டுகளாக விலையும் அதிகம் அசையாமல், சம்பளமும் அதிகம் அசையாமல் பழகிப்போன நாடு ஜப்பான். அங்கே பேருந்து நிறுத்தத்திலும் மதுக்கடையிலும் மூன்று பேர் கூடினால் பேச்சு அரிசியில் வந்து நின்றது. அரசு, அமைச்சர், உழவர், அமெரிக்கா, வெயில் எல்லாம் அந்தப் பையின் விலைச்சீட்டு வழியாகவே வீட்டுக்குள் நுழைந்தன.

ஜப்பானிய மொழியில் பயிராக நிற்கும்போது அது ‘இனே’, உமியோடு இருந்தால் ‘மொமி’, தீட்டிய அரிசி ‘கொமே’, வெந்தபின் ‘கோஹான்’. நெற்பயிர், நெல், அரிசி, சோறு என்று பிரித்துப் பேசும் தமிழருக்கு இது புதிதாகத் தோன்றாது. ‘கோஹான்’ என்றால் சோறு என்பதோடு சாப்பாடு என்றும் பொருள். காலையில் ரொட்டி தின்றாலும் அது ‘அசாகோஹான்’, அதாவது காலைச் சோறு. ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமு, நெல் சார்ந்த சொற்கள் உட்பட ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டென்று பல ஆண்டுகள் வாதாடினார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஆனாலும் இரண்டு மொழிகளிலும் சோறு இருக்கும் இடம் ஒன்றுதான். ‘கொமே’ என்பதற்கான எழுத்தைப் பிரித்தால் எட்டு, பத்து, எட்டு என்ற மூன்று எழுத்துகள் கிடைக்கும். ஒரு பிடி அரிசிக்குள் 88 வேலை இருக்கிறது, கிண்ணத்தில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்காதே என்று பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்கு அதைக் காட்டித்தான் சொல்லிக் கொடுப்பார்கள்.

இப்படிப்பட்ட அரிசி 2024 ஆகஸ்டில் கடை அலமாரிகளிலிருந்தே காணாமல் போனது. ‘ஒரு குடும்பத்துக்கு ஒரு பை’ என்று எழுதி ஒட்டிய தாள் மட்டும் வெறும் தட்டுகளின் மேல் தொங்கியது. உடனடிக் காரணங்கள் பல. வெளிநாட்டுப் பயணிகள் பெருகினார்கள். உக்ரைன் போருக்குப் பின் கோதுமைப் பண்டங்களின் விலை ஏற, அரிசி மலிவாகத் தெரிந்து பலர் அதன் பக்கம் திரும்பினார்கள். ஆகஸ்ட் 8 அன்று கியூஷு தீவுக்குக் கிழக்கே ஹியூகா கடற்பகுதியில் 7.1 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. நான்காய் கடற்பள்ளத்தில் பெரும் நிலநடுக்கம் வரும் வாய்ப்பு வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறது என்று வானிலை ஆய்வகம் முதல்முறையாக எச்சரிக்கை விடுத்தது. தண்ணீரோடு அரிசியையும் வீடுகள் வாங்கி அடுக்கின.

ஆனால் வேர் அதற்கு முந்தைய ஆண்டின் வெயிலில் இருந்தது. 2023 கோடை, பதிவேடு தொடங்கிய 1898க்குப் பின் ஜப்பான் கண்ட மிகக் கொடிய கோடை. பால் பிடிக்கும் பருவத்தில் இரவிலும் வெக்கை தணியாவிட்டால் அரிசிக்குள் மாவு சரியாக நிறையாது. மணி வெண்மையாக, சுண்ணாம்பு பூசியதுபோல ஆகிவிடும். பேர்பெற்ற நீகாதா மாநிலத்தின் கோஷிஹிகாரி அரிசியில் முதல் தரம் பெற்றது அந்த ஆண்டு சுமார் 5 விழுக்காடுதான். அப்படிப்பட்ட மணியைத் தீட்டினால் நொய்யாகும். அரசோ விளைச்சலைத் தீட்டாத பழுப்பரிசியில் கணக்கிடுகிறது. கணக்கில் இருந்த அரிசி ஆலையில் நொறுங்கியது. ஏட்டுக்கும் கடைக்கும் நடுவே விழுந்த இடைவெளி யார் கண்ணிலும் படவில்லை. அரிசி இருக்கிறது, வழியில் எங்கோ தங்கிவிட்டது என்றே வேளாண் அமைச்சகம் மாதக்கணக்கில் சொல்லிவந்தது.

இன்னும் ஆழமான காரணத்துக்கு 1970க்குப் போக வேண்டும். போருக்குப்பின் உழவரிடமிருந்து அதிக விலைக்கு வாங்கி மக்களுக்குக் குறைத்து விற்ற அரசிடம் அரிசி மலையாகக் குவிந்தது. ஜப்பானியர் அரிசி உண்பதோ 1962ல் ஆளுக்கு ஆண்டுக்கு 118 கிலோ என்ற உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. இன்று 50 கிலோவை ஒட்டி நிற்கிறது. எனவே நெல் பயிரிடும் பரப்பைக் குறைத்தால் பணம் தருவது என்ற ‘கென்தான்’ கொள்கை வந்தது. 2018ல் அது ஏட்டளவில் நீக்கப்பட்டது. ஆனாலும் நெல்லை விட்டுத் தீவனப் பயிருக்கோ சோயாவுக்கோ மாறுவோருக்கு மானியம் தொடர்கிறது. தேவைக்கு ஒரு படி கூடுதலாகவும் விளையக் கூடாது என்று ஐம்பது ஆண்டு பழக்கிய நாட்டில், ஒரு வெயிலும் ஓர் எச்சரிக்கையும் போதும் அலமாரி காலியாக. விலையேற்றத்துக்கான பழி முதலில் சேர வேண்டியது இந்தக் கொள்கையிடம்தான். 2000ல் சுமார் 17 லட்சமாக இருந்த நெல் உழவர் குடும்பங்கள் 2020ல் 7 லட்சமாகச் சுருங்கின. வேளாண்மையையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்களின் சராசரி வயது 70ஐ நெருங்கிவிட்டது.

ஜப்பானியத் தொலைக்காட்சிகளுக்கு மக்கள் கருத்தைக் கேட்கப் பழகிய இடங்கள் உண்டு. அலுவலகம் முடிந்து மதுக்கடை தேடும் ஊழியர்களின் கருத்துக்கு டோக்கியோவின் ஷிம்பாஷி நிலையம். அங்கே பழைய நீராவி இன்ஜின் ஒன்று காட்சிக்கு நிற்கும் சதுக்கத்தில் ஒலிவாங்கியோடு செய்தியாளர்கள் காத்திருப்பார்கள். முதியவர்களின் கருத்துக்கு சுகாமோ கடைத்தெரு. இல்லத்தரசிகளுக்குப் பல்பொருள் அங்காடி வாசல். 2025 வசந்தத்தில் மூன்று இடங்களிலும் கேட்டது ஏறக்குறைய ஒரே பேச்சு. வளரும் பையன்கள் இருக்கும் வீட்டில் 5 கிலோ பை ஒரு வாரம் தாங்காது. சோற்றைக் குறைத்து உடோன், பாஸ்தா என்று மாற்றிக்கொள்கிறவர்கள், பார்லி கலந்து சமைக்கிறவர்கள், ஓய்வூதியம் போதாமல் சிறிய பைக்கு இறங்கியவர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்கு. சோறு எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம் என்றிருந்த உணவகங்கள் சில அந்தச் சலுகையை நிறுத்தின. சில ஊராட்சிகளில் பள்ளி மதிய உணவில் சோற்று நாட்கள் குறைந்தன. ஏழைப் பிள்ளைகளுக்கு உணவிடும் ‘கொதோமோ ஷொகுதோ’ என்ற தன்னார்வச் சமையற்கூடங்களுக்கு நன்கொடை அரிசி வருவது அருகியது. இந்தக் கடைசிச் செய்திதான் அதிகம் வலிப்பது. பலருக்கும் அங்கே கிடைக்கும் ஒரு கிண்ணம் சூடான சோறு பெரிய ஆதரவு.

அந்த மனநிலையில்தான், மே 18 அன்று சாகா நகரில் ஒரு கட்சிக் கூட்டத்தில் வேளாண் அமைச்சர் எத்தோ தாகு, தான் அரிசி விலைக்கு வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் விற்கும் அளவுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்று பேசினார். மூன்று நாளில் பதவி விலகினார். எதிர்ப்பு பெரும் போராட்டமாகத் தெருவில் வெடிக்கவில்லை. 1918ல் தொயாமா மாநிலத்தின் மீனவப் பெண்கள் அரிசி கப்பலில் ஏற்றப்படுவதைத் தடுக்க இறங்கியபோது தொடங்கிய கலகம் நாடெங்கும் பரவி தெராவுச்சி அமைச்சரவையையே வீழ்த்தியது. இன்றைய கோபம் வாக்குச்சீட்டில் வந்தது. 2025 ஜூலை 20 அன்று நடந்த மேலவைத் தேர்தலில் ஆளும் கூட்டணி பெரும்பான்மையை இழந்தது. விலைவாசிக்கும், உணவுக்கு 8 விழுக்காடு விதிக்கப்படும் நுகர்வு வரிக்கும் அதில் முக்கியப் பங்கு இருந்தது.

எத்தோவின் இடத்துக்கு வந்த கொய்சுமி ஷின்ஜிரோ அரசுக் களஞ்சியத்தைத் திறந்த விதம் தனியே கவனிக்கத்தக்கது. 1993ன் குளிர்க் கோடையில் பயிர் பொய்த்தபின், 1995ல் ஏற்பட்ட அமைப்பு அது. சுமார் 10 லட்சம் டன் அரிசி, 15 டிகிரிக்கு மேற்படாத கிடங்குகளில், தீட்டாத நிலையில் வைக்கப்பட்டு வந்தது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வாங்கி, ஐந்தாண்டு வைத்திருந்து, தேவைப்படாவிட்டால் தீவனத்துக்கு விற்பது வழக்கமாக இருந்தது. 2025 மார்ச்சில் ஏலம்விட்டபோது அதில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் உழவர் கூட்டுறவின் தேசிய அமைப்பான ஜென்நோ எடுத்தது. கூடுதல் விலை கேட்பவருக்கே ஏலம் போகும் என்பதால் விலை இறங்கவில்லை, கடைக்கும் மெல்லவே வந்தது. கொய்சுமி ஏலத்தை விட்டுவிட்டு, பெரிய சில்லறை நிறுவனங்களுக்கு நேரடியாக விலை வைத்துக் கொடுத்தார். மே 31 காலை, வரி நீங்கலாக 2,000 யென் அளவில் 5 கிலோ பை வந்த கடைகளின் வாசலில் விடியுமுன்பே வரிசை நின்றது. பையைக் கையில் வாங்கியவர்கள் கேமராவின் முன் அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள்.

வந்தது 2022, 2021 அறுவடை. தமிழ்நாட்டில் பழைய அரிசி என்றால் விலை கூடுதல். சோறு உதிரியாக வரும் என்று கேட்டு வாங்குவார்கள். ஜப்பானில் தலைகீழ். அங்கே ‘ஷின்மாய்’ எனும் புது அரிசிக்கே மதிப்பு, சோறு பளபளப்பாக ஒட்டி நிற்க வேண்டும். ஓராண்டு பழையது ‘கோமாய்’, அதற்கும் பழையது ‘கோகோமாய்’, இன்னும் பழையது ‘கோகோகோமாய்’. பழைய, பழைய, பழைய அரிசி என்ற இந்தச் சொல் அந்த ஆண்டின் பத்துப் பரபரப்புச் சொற்களில் ஒன்றாகத் தேர்வானது. வாசனை வருமா என்று தயங்கியவர்கள், கொஞ்சம் சாக்கேயோ தேனோ விட்டு வேகவைத்தால் தெரியாது என்று ஒருவருக்கொருவர் பக்குவம் சொல்லிக்கொண்டார்கள். புதியதையும் பழையதையும் கண்ணைக் கட்டிக்கொண்டு ருசித்து, வித்தியாசம் தெரியவில்லை என்றவர்களும் உண்டு. ஜூலையில் சராசரி விலை 3,600 யென் அளவுக்கு இறங்கியது.

உழவரின் பேச்சு வேறு. 2025 மார்ச் 30 அன்று டோக்கியோ நடுவே சுமார் 30 டிராக்டர்கள் ஊர்வலமாகப் போயின. ‘ரெய்வா காலத்து உழவர் எழுச்சி’ என்று அதற்குப் பெயர்; ரெய்வா என்பது இன்றைய பேரரசரின் காலம். அவர்கள் ஏந்திய வாசகம், மணிக்கு 10 யென் கூலி என்பது. அரசே வெளியிட்ட வருமானக் கணக்கில் நெல் உழவரின் ஆண்டு ஆதாயத்தை உழைத்த மணிகளால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. உரம், டீசல், அறுவடை எந்திரம் எல்லாம் ஏறிய காலத்தில் அரிசி மட்டும் ஏறாமல் இருந்ததுதான் கோளாறு என்பது அவர்கள் பக்கத்து நியாயம். ஒரு கிண்ணம் சோற்றுக்கு 65 கிராம் அரிசி போதும் என்று வைத்தால், 5 கிலோவில் 77 கிண்ணம் வரும். பை 2,000 யென்னாக இருந்தபோது கிண்ணம் 26 யென். 4,285 யென்னாக இருந்தபோதும் 56 யென்தான். ஒரு பாட்டில் தேநீரின் விலையில் இரண்டு கிண்ணத்துக்கு மேல் வாங்கலாம். இந்தக் கணக்கு சரியானது. மாதக் கடைசியில் ஒரே கையாக 4,285 யென்னை எடுத்து வைக்க வேண்டிய வீட்டின் கணக்கும் சரியானது. ஒன்றைக் காட்டி மற்றதை அடக்கப் பார்த்ததால்தான் விவாதம் பல இடங்களில் கசந்தது.

வெளிநாட்டு அரிசி பற்றிய எண்ணம் மாறியது இந்த நெருக்கடியின் இன்னொரு விளைவு. 1993ல் விளைச்சல் இயல்பில் நான்கில் மூன்று பங்குக்கும் கீழே விழுந்தபோது, தாய்லாந்து உள்ளிட்ட நாடுகளிலிருந்து சுமார் 25 லட்சம் டன் அவசரமாக இறக்கினார்கள். நீளமான அந்த அரிசியை ஜப்பானிய முறையில் வேகவைத்து, பிடிக்காமல் ஒதுக்கிய நினைவு மூத்தவர்களுக்கு இன்னும் இருக்கிறது. இறக்குமதிக்கு ஆண்டுக்கு 7.7 லட்சம் டன் என்று அளவு உண்டு. அதற்கு மேல் போனால் கிலோவுக்கு 341 யென் வரி. அந்தச் சுவர் தாண்ட முடியாததாக இருந்தது. 2025ல் உள்நாட்டு விலை ஏறிய ஏற்றத்தில், வரியைக் கட்டிக் கொண்டுவந்தாலும் கலிபோர்னியாவின் கல்ரோஸ் அரிசி மலிவாக நின்றது. ஜூனில் ஏயோன் கடைகளில் 4 கிலோ பை வந்தது. வறுத்த சோற்றுக்கும் கறிச் சோற்றுக்கும் இது போதும் என்று வாங்கிப் போனவர்கள் பலர்.

ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் இஷிபா ஷிகேரு, தேவையை அரசு தவறாகக் கணித்தது, அரிசி உண்மையிலேயே போதவில்லை என்று ஒப்புக்கொண்டு, இனி விளைச்சலைக் கூட்டுவோம் என்றார். செப்டம்பரில் அவர் விலகல் அறிவித்தார். அக்டோபரில் தக்காயிச்சி சனாயே பிரதமரானதும், வேளாண் அமைச்சர் சுசுகி நொரிகாசு தேவைக்கேற்ற விளைச்சலே கொள்கை என்று திரும்பினார். 2026க்கு 71.1 லட்சம் டன் என்ற அளவு அறிவிக்கப்பட்டது, முந்தைய ஆண்டின் விளைச்சலைவிடக் குறைவு. நாற்று விடுவதற்குள் இரண்டு திசை காட்டப்பட்ட உழவர்கள் குழம்பியதில் வியப்பில்லை. நீகாதாவின் கோஷிஹிகாரிக்கு உழவர் கூட்டுறவு முன்பணமாக 60 கிலோவுக்கு 30,000 யென் கொடுத்தது. அந்த விலைக்குக் கொள்முதலானது கடையில் மலிவாக வர வழியில்லை. நவம்பரில் 5 கிலோ பை மறுபடி ஏறி 4,300 யென்னைத் தாண்டியது.

கியோத்தோவின் கியோமிசு கோயிலில் ஆண்டுதோறும் டிசம்பரில், மக்கள் வாக்களித்துத் தேர்ந்த ஓர் எழுத்தைத் தலைமைத் துறவி பெரிய தூரிகையால் எழுதுவார். 2025ல் ஊர்களுக்குள் இறங்கிய கரடிகளால் ‘கரடி’ எழுத்து முதலிடம் பெற்றது. மிகச் சிறிய வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தது ‘கொமே’. அதே எழுத்துக்கு ஜப்பானில் அமெரிக்கா என்றும் பொருள் உண்டு. டிரம்பின் வரி விதிப்பை நினைத்து வாக்களித்தவர்களும், காலி அலமாரியை நினைத்து வாக்களித்தவர்களும் ஒரே எழுத்தைத்தான் எழுதி அனுப்பினார்கள்.