ராஜா ராணிப் படங்கள் உரைத்த சேதி

‘ராஜா ராணிப் படம்’ என்றதும் உதட்டைப் பிதுக்குவோர் நம்மிடையே உளர். அட்டைக் கோட்டை, ஒட்டுத் தாடி, கயிற்றில் தொங்கிவரும் கதாநாயகன். இவற்றில் என்ன கருத்து இருக்கிறது என்று நம் கல்லூரி மாணவரும் கேட்கின்றனர். கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களில் அவர்தம் பாட்டனார்கள் இப்படங்களை விரும்பிப் பார்த்தது வாள்வீச்சுக்காக மட்டுமன்று என்பதே நமது எண்ணம்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 1950 இல் வெளியிட்ட ‘மந்திரிகுமாரி’யை எடுத்துக்கொள்வோம். மு. கருணாநிதி வசனம் தீட்டியது. அதன் வேர் ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசி. தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் சென்ற கணவனை மனைவியே தள்ளி வீழ்த்தும் பழங்கதை. படத்தில் அக்கணவன், இரவிற் கொள்ளையடிக்கும் ராஜகுருவின் மைந்தன்; அரசனோ குருவின் சொல்லுக்கு ஆடும் பொம்மை. திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது 1949 இல் என்பதை நினைவிற் கொண்டால், அந்த ராஜகுரு எவரைச் சுட்டினார் என்பது எளிதில் விளங்கும். அதே ஆசிரியர் நிகழ்காலக் கோயிலையும் பூசாரியையும் நேராகக் காட்டிய ‘பராசக்தி’ 1952 இல் வெளிவந்தபோது, அதைத் தடை செய்யுமாறு குரல் எழுந்தது. கற்பனை நாட்டு அரண்மனைக்கு அவ்வளவு எதிர்ப்பில்லை. வேடம் அணிந்த கருத்துக்கு வாயிற்காவலர் வழிவிட்டனர் போலும்!

1958 இல் எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து இயக்கி, இரட்டை வேடமிட்ட ‘நாடோடி மன்னன்’ இன்னும் ஒருபடி மேலே சென்றது. ‘செண்டாவின் கைதி’ என்னும் ஆங்கிலக் கதையின் சாயல் அதில் உண்டு. ஆங்கிலக் கதையில் அரசனைப் போலத் தோற்றமுள்ளவன் சிம்மாசனத்தைக் காத்து, உரியவனிடம் ஒப்படைத்து விலகுகிறான். தமிழ்ப் படத்திலோ, அரியணை ஏறிய சாமானியன் ஏழை மக்களுக்காகச் சட்டங்கள் இயற்றுகிறான். படத்தின் முகப்பில் ஓர் ஆணும் பெண்ணும் ஏந்தி நின்றதோ கழகக் கொடி! ஒன்பது ஆண்டுகளின் பின் அக்கழகம் ஆட்சியேறியது; நாடோடி மன்னனும் 1977 இல் முதலமைச்சரானார்.

எல்லாவற்றிலும் அரசியலைத் தேடுவது வீண். ‘குலேபகாவலி’யை நாம் களிப்புக்காகவே பார்த்தோம், அதிற் குற்றமில்லை. ஆயினும் பாக்தாத் கதைகளில் இவ்வூர்களுக்குத் தனிப்பட்ட ஓர் உறவு உண்டு. அரபு, பாரசீகக் கதைகளைக் ‘கிஸ்ஸா’ என்று தமிழிலே வழங்கிவந்த மக்கள் இவர்கள். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956 இல் வந்தது. அதில் அலிபாபாவும் மர்ஜியானாவும் தமிழ் பேசினார்கள். மார்க்கம் இஸ்லாம், மொழி தமிழ் என வாழ்வோருக்கு அதுவே ஒரு சேதியன்றோ?

எடுத்தவர் எண்ணாத பொருளைப் பார்ப்பவர் கொண்டு வருதலும் உண்டு. பி. ஆர். பந்துலுவின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 1965 இல் வெளிவந்தது. மூலம், ‘கேப்டன் பிளட்’ என்னும் 1935 ஆம் ஆண்டு ஹாலிவுட் படம். காயமுற்ற கலகக்காரருக்கு மருந்திட்ட வைத்தியன் ஒருவன், தன் தோழருடன் கடல்கடந்த தீவொன்றில் அடிமையாய் விற்கப்படுகிறான். அதற்கு முந்திய ஆண்டு, 1964 ஒக்டோபரில், ஸ்ரீமா–சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாகி, நம் மலையகத் தோட்டங்களில் உழைத்தோரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவாகியிருந்தது. பந்துலு இதை நினைத்துப் படமெடுத்தார் என்று நாம் கூறமாட்டோம். ஆனால், கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டு ஏலத்தில் நிற்கும் அம்மனிதரை இலங்கைப் படமாளிகையில் இருந்து பார்த்த ஒருவருக்கு வேறு எவர் நினைவு வந்திருக்கும்? அத்தீவின் அடிமையாய் நடித்தவரும் 1917 இல் நாவலப்பிட்டியிற் பிறந்தவரே.