கூண்டுக்குள் ஒரு கூட்டத்துப் பறவை

கிளி வளர்ப்பைப் பற்றிப் பேசப் புகுவோர் முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவது நல்லது. தோப்புகளிலும் கோபுர மாடங்களிலும் கூடு வைக்கும் பச்சைக்கிளி உள்ளிட்ட இந்நாட்டுக் கிளியினங்களைப் பிடிப்பதையும் விற்பதையும் வீட்டில் அடைத்து வைப்பதையும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. சிறகை வெட்டிச் சந்தையில் விற்கப்படும் குஞ்சும் சோதிடரின் கூண்டில் சீட்டெடுக்கும் கிளியும் இத்தடைக்கு உட்பட்டவையே. எனவே வீட்டில் வைத்துக்கொள்ளத் தக்கவை, வளர்ப்பிடங்களில் பொரித்த அயல்நாட்டு இனங்கள் மட்டுமே. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜெரிகர், அதே நாட்டுக் கொண்டைக்கிளியான காக்கடீல், மத்திய ஆப்பிரிக்கக் காடுகளுக்குரிய சாம்பல் கிளி ஆகியவை இவற்றுள் பரவலானவை. கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று கூறி விற்கப்படுபவை பெரும்பாலும் பட்ஜெரிகர்களே. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் சாம்பல் கிளி இடம்பெற்றிருப்பதால், அதை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி நடுவண் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பட்ஜெரிகரும் காக்கடீலும் அப்பட்டியல்களில் இல்லை.

எந்த இனமாயினும், கிளி கூட்டமாக வாழப் பிறந்த பறவை என்பதே அதன் பராமரிப்பு முழுவதற்கும் அடிப்படையாகும். அடர்ந்த இலைகளுக்கிடையே ஒன்றையொன்று காண இயலாத காட்டுக்கிளிகள், தாம் இருக்குமிடத்தைத் தெரிவிக்கவும் துணை அருகில் உள்ளதா என அறியவும் இடைவிடாது குரல் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. இதைத் தொடர்புக் குரல் என்பர். வெனிசுவேலாவில் சிறு கிளியினம் ஒன்றை ஆராய்ந்த கார்ல் பெர்க் குழுவினர், முட்டைகளைக் கூடு மாற்றி வைத்தபோது குஞ்சுகள் வளர்த்த பெற்றோரின் குரலை ஒத்த தனிக்குரலையே பெற்றதை 2011இல் வெளியிட்டனர். கிளி தன்னை இன்னாரென அறிவிக்கும் குரலைக் குடும்பத்திடமிருந்து கற்கிறது என்பது இதனால் விளங்கும். வீட்டிலுள்ளோர் அறையை விட்டு நீங்கியதும் கூண்டுக்கிளி கத்துவது பெரும்பாலும் இத்தொடர்புக் குரலே ஆகும். அதட்டினால், அதட்டலையே பதிலாகக் கொண்டு அது மேலும் கத்தும்; கூண்டின்மேல் துணியைப் போர்த்துவது அதன் தனிமையைக் கூட்டும். அடுத்த அறையிலிருந்தே ஒரு சீழ்க்கையோ ஒரே சொல்லோ நாள்தோறும் தவறாமல் பதிலாகக் கிடைத்தால் பல கிளிகள் அமைதியடைகின்றன.

தொடுகையிலும் இவ்வாறே கிளியின் வழக்கமறிந்து நடக்க வேண்டும். கிளியைக் கையில் ஏற்றப் பழக்குவோர், சுட்டுவிரலைக் கிடையாக நீட்டிக் கால்களுக்குச் சற்று மேலே வயிற்றில் மெல்லத் தொடுமாறு வைப்பர். கிளி உடனே ஏறாது. முதலில் அலகால் விரலைப் பற்றி, தன் எடையைத் தாங்குமா எனச் சோதிக்கும். கிளைகளில் ஏறும்போது அலகை மூன்றாவது காலாகப் பயன்படுத்தும் பறவைக்கு இது இயல்பு. புதியவர் இதைக் கடியென்று கருதி விரலை இழுத்துக்கொள்வதால், விரல் நம்பத்தகாத கிளை என்று கிளி முடிவு செய்கிறது; அடுத்த முறை உண்மையாகவே கடிக்கிறது. பழகிய கிளி இறகைச் சிலிர்த்துத் தலையைக் குனிந்தால் தலையிலும் கழுத்திலும் மட்டும் சொறிந்துவிடலாம். முதுகையும் வாலடியையும் தடவினால் கிளி அதை இணைசேர்வதற்கான அழைப்பாகக் கொள்கிறது. பெண்கிளிகள் ஓயாது முட்டையிட்டுச் சுண்ணாம்புச் சத்து இழந்து, முட்டை உள்ளே சிக்கி மடிவதற்கும் அது இட்டுச்செல்லலாம். கடைகளில் ‘கடல் நுரை’ எனக் கிடைக்கும் கணவாய் ஓட்டைக் கூண்டில் கட்டிவைப்பது இச்சத்தை ஈடு செய்ய உதவும்.

உணவில் நிகழும் பெரும்பிழை, சூரியகாந்தி விதையை மட்டுமே போட்டு வளர்ப்பது. கொழுப்பு மிகுந்தும் வைட்டமின் ஏ, கால்சியம் ஆகியவை குறைந்தும் உள்ள அவ்விதையைக் கிளி விரும்பித் தின்பதால், ஈரல் கெடும் வரை வளர்ப்பவருக்குக் குறை தெரிவதில்லை. பட்ஜெரிகருக்குத் தினையும் கம்பும் அடிப்படை என்றாலும், முளைகட்டிய பயறு, முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் ஆகியவற்றை எல்லாக் கிளிகளுக்கும் நாள்தோறும் தருதல் வேண்டும். கிளிக்கு மிளகாய் கொடுக்கும் நம் வழக்கத்தில் கொடுமை ஏதுமில்லை. மிளகாயின் எரிச்சலை உணரும் திறன் பறவைகளின் நரம்புகளுக்கு இல்லை. அவகேடோ, சாக்லேட், காபி ஆகியவை நஞ்சு.

நுரையீரலோடு காற்றுப்பைகளும் கொண்ட பறவையின் மூச்சமைப்பு, காற்றிலுள்ள நஞ்சை மிக விரைவாக உடலுக்குள் ஏற்றிவிடுகிறது. நான்ஸ்டிக் பாத்திரம் அடுப்பில் அளவுக்கு மீறிச் சூடேறும்போது எழும் ஆவி, மனிதர் மணத்தைக்கூட உணராத நிலையில், கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, சாம்பிராணி ஆகியவற்றின் புகையும் தீங்கானது. ஆகவே சமையலறையும் பூசையறையும் கூண்டு வைக்கும் இடங்கள் அல்ல. கூண்டு உயரத்தைவிட அகலம் மிகுந்ததாக இருக்க வேண்டும். ஒரே பருமனுள்ள குச்சிகளுக்கு மாற்றாகக் கொய்யா, வேம்பு ஆகியவற்றின் பருமன் மாறுபடும் கிளைகளைச் செருகுவது காலடிப் புண்ணைத் தவிர்க்க உதவும். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருளும் அமைதியும் தேவை. தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் இது கிடைப்பது அரிது.

வேட்டையாடப்படும் உயிரினமாதலால் கிளி நோயை மறைக்கும். கூண்டின் தரையில் இறகைச் சிலிர்த்து அமர்ந்திருக்கும் நாளில் நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். வாரந்தோறும் சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வைப்பதே எளிய முன்னெச்சரிக்கை. 30 முதல் 40 கிராம் மட்டுமே எடையுள்ள பட்ஜெரிகருக்கு மூன்று நான்கு கிராம் குறைவும் பத்தில் ஒரு பங்கு இழப்பாகும். அந்நிலையில் பறவைகளைப் பார்க்கப் பழகிய கால்நடை மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.

அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் 1977இல் கடையொன்றில் வாங்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, ஏறத்தாழ 50 பொருள்களைப் பெயரிட்டும் நிறத்தையும் வடிவத்தையும் பிரித்துச் சொல்லியும், 2007இல் இறக்கும் வரை முப்பதாண்டுகள் மனிதர் துணையிலேயே வாழ்ந்தது. நல்ல பராமரிப்பில் சாம்பல் கிளி 40 ஆண்டுகளையும் கடந்து வாழக்கூடும். பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு அது ஏற்ற பறவை அன்று. பறவை மீது விருப்பம் இருந்தும் நேரமில்லாதோர், ஒன்றுக்கொன்று துணையாக இரு பட்ஜெரிகர்களை ஓர் அகன்ற கூண்டில் வளர்ப்பதே தக்கது.