கொம்பு ஏன் முன்னால் நிற்கிறது?

"மிஸ், சொல்லும்போது 'க்' முதல்ல வருது. எழுதும்போது மட்டும் கொம்பு ஏன் முதல்ல வருது?" மூன்றாம், நான்காம் வகுப்புகளில் தமிழ் எடுப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 'அப்படித்தான் எழுத வேண்டும்' என்பதைவிட நல்ல பதில் இதற்கு உண்டு.

சீன எழுத்துகளிலும் இப்படி முன்னால் நிற்கும் உறுப்புகள் உள்ளன. நீரைக் குறிக்கும் மூன்று சிறு கோடுகள் இடப்பக்கம் இருந்தால் அது ஆறு, கடல், ஏரி என நீரோடு தொடர்புள்ள சொல் என ஊகிக்கலாம். 1716இல் வெளியான காங்சி அகராதி இத்தகைய 214 உறுப்புகளின்கீழ் சொற்களை அடுக்கியது. அங்கே உறுப்பு பொருளைக் காட்டுகிறது. நம் கொம்போ ஒலியைக் காட்டுகிறது.

கொம்பின் பிறப்பைக் காண மாங்குளம் போன்ற குகைக் கல்வெட்டுகளின் தமிழிக்குப் போக வேண்டும். அதில் 'க' என்பது ஒரு கூட்டல் குறி. அதன் உச்சியில் வலப்பக்கம் சிறு கோடு இழுத்தால் 'கா'. இடப்பக்கம் இழுத்தால் எகர, ஏகாரம். இடப்பக்கம் இரண்டு கோடுகள் என்றால் 'கை'. இருபுறமும் இழுத்தால் ஒகர, ஓகாரம். நூற்றாண்டுகள் செல்லச் செல்ல இடக்கோடு கீழே இறங்கி, எழுத்தைவிட்டுப் பிரிந்து கொம்பானது, வலக்கோடு துணைக்காலானது. இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள். 'கொ'வில் கொம்பும் காலும் ஏன் இருபுறமும் நிற்கின்றன என்பது பிள்ளைகளுக்கே புரிந்துவிடும்.

இரும்புலியூர், தாம்பரம் பக்கத்துப் பள்ளிகளில் கட்டட வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இவர்களுக்குக் கொம்பின் இடம் சிக்கலாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். ஒடியாவிலும் ஏகாரக் குறி இடப்பக்கம்தான். இந்தியில் இகரக் குறி இடப்பக்கம் நிற்கிறது. உண்மையான சிக்கல் குறில், நெடிலில். அம்மொழிகளின் எழுத்தில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் நம்மைப்போல் தனித்தனிக் குறி இல்லை. 'கொடு' என்பதைக் 'கோடு' என வாசிக்கும் பிள்ளையை 'வாசிக்கத் தெரியாதவர்' பட்டியலில் சேர்ப்பது அநியாயம். அவருக்கு எழுத்து தெரியும்; வேறுபாடுதான் பழகவில்லை.

நம் முன்னோரும் இந்தச் சிக்கலோடுதான் வாசித்தார்கள். எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். இடம் பார்த்துத்தான் குறிலா நெடிலா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குக் கொம்பின் தலையைச் சுழித்து இரட்டைக் கொம்பாக்கினார். தலை சுழிந்தால் ஒலி நீளும் என்று சொல்லிக் கையால் காற்றில் சுழித்துக் காட்டினால் போதும். பெறு–பேறு, தெள்–தேள், கொடு–கோடு என இணைச் சொற்களைத் தனியாகத் தராமல் வாக்கியத்தில் வைத்துக் கொடுங்கள்.

'லை', 'னை' போன்றவை 1978 வரை தலைக்கு மேல் தும்பிக்கையோடு அச்சிடப்பட்டன. பள்ளி நூலகத்தில் பழைய புத்தகம் கிடைத்தால் காட்டலாம். பிள்ளைகள் யானை எழுத்து என்று ரசிப்பார்கள்.

உயர்நிலை வகுப்புகளுக்கு ஒரு கூடுதல் செய்தி. பழைய தட்டச்சுப் பொறியில் கொம்பைத்தான் முதலில் தட்ட வேண்டும். கணினியின் தமிழ்99 விசைப்பலகையில் 'க' தட்டி, பிறகு 'எ' தட்டினால் கொம்பு தானே முன்னால் போய் நிற்கும். கணினி ஒலி வரிசையில் சேமித்து, எழுத்து வரிசையில் காட்டுகிறது.