அட்டவணை நேரமும் கற்றல் நேரமும்

பிரிக்ஃபீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியானாலும் கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளியானாலும், முதலாம் ஆண்டு மாணவருக்குத் தமிழ்மொழி வாரத்திற்கு 360 நிமிடம், அதாவது அரைமணி நேரப் பாடவேளைகள் பன்னிரண்டு என்பது 2011இல் மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் நடப்புக்கு வந்த கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டம் வகுத்த கணக்கு. 2017இல் திருத்தப்பட்ட கலைத்திட்டம் அதையே ஆண்டுக்கு 192 மணி நேரம் என்று குறித்தது. இந்த எண்களைக் காப்பதில் சமூகம் விழிப்பாகவே இருந்து வந்திருக்கிறது: 2012இல் வெளியான கல்விப் பெருந்திட்டத்தின் பூர்வாங்க அறிக்கை, தேசிய வகைப் பள்ளிகளில் மலாய்மொழிக்கு வாரம் 570 நிமிடம் ஒதுக்கும் யோசனையை முன்வைத்தபோது, தாய்மொழிக் கல்வி அமைப்புகள், குறிப்பாகச் சீன அமைப்புகள், கடுமையாக எதிர்த்தன. ஒதுக்கிய நிமிடம் வகுப்பறைக்குள் என்னவாகிறது என்ற கேள்விக்கு அந்த விழிப்பில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

கல்வியாய்வாளர்கள் இதை மூன்று அடுக்குகளாகப் பார்ப்பார்கள். அட்டவணை தருவது ஒதுக்கீட்டு நேரம். அதில் மாணவர் பாடத்தில் மனம் செலுத்தும் பகுதி ஈடுபாட்டு நேரம். அதற்குள்ளும், தம் நிலைக்கேற்ற பணியைப் பெரும்பாலும் பிழையின்றிச் செய்யும் பகுதியையே 1970களில் கலிபோர்னியத் தொடக்கப்பள்ளிகளில் நடந்த ஆய்வு கல்விசார் கற்றல் நேரம் என்று பிரித்துக் காட்டியது.

அளப்பதற்கு ஜேன் ஸ்டாலிங்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுத்த முறை எளியது. பார்வையாளர் பின்வரிசையில் அமர்ந்து, பாடவேளை முழுவதும் சம இடைவெளியில் பத்து முறை, ஒவ்வொரு முறையும் பதினைந்து வினாடிக்குள் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்து, ஆசிரியர் விளக்குகிறாரா, வருகைப் பதிவேட்டை நிரப்புகிறாரா, எத்தனை மாணவர் அவரோடு இருக்கிறார்கள், எத்தனை பேர் சன்னலுக்கு வெளியே பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொள்வார். இம்முறையில் லத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகள் ஏழில் 15,000க்கும் மேற்பட்ட வகுப்பறைகளைப் பார்த்த உலக வங்கி ஆய்வு 2014இல் வெளியானது. நல்ல வகுப்பறையில் நேரத்தின் 85 விழுக்காடு கற்பித்தலுக்குச் செல்ல வேண்டும் என்ற அளவுகோல் இருக்க, எந்த நாடும் 65ஐத் தாண்டவில்லை.

மலேசியாவில் 2011இல் 41 பள்ளிகளின் 125 பாடங்களைப் பார்த்த ஆய்வொன்று பாதிப் பாடங்கள் நிறைவளிக்கவில்லை என்றது. அது எடைபோட்டது கற்பித்தலின் தரத்தை, நிமிடங்களை அல்ல. வகுப்பு மாறுவதிலும் நூலேடு பரப்புவதிலும் பாடவேளைக்கு ஐந்தே நிமிடம் போனாலும், 192 மணியில் 32 மணி கழிந்துவிடும். எந்தச் சுற்றறிக்கையும் பறிக்காத நேரம் அது.

ஆகவே, பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் நிமிடக் குறைப்பை எதிர்த்து மனு எழுதும் அதே அக்கறையோடு, தத்தம் பள்ளியில் இந்தப் பத்துப் பார்வைகளுக்கும் வழி செய்ய வேண்டும். பார்ப்பவர் சக ஆசிரியராக இருக்கட்டும். பதிவு பள்ளிக்குள்ளேயே இருக்கட்டும். பதவி உயர்வோடு மட்டும் அதை முடிச்சுப் போட வேண்டாம்.