போர் வந்தால் ஆசிரியர் ஓய்வூதியப் பணம் கரையுமா?

2022 பிப்ரவரி 24. உக்ரைன் போர் தொடங்கிய அன்றே சென்செக்ஸ் சுமார் 2,700 புள்ளி சரிந்தது. ‘நம்ம சிபிஎஸ் பணமும் போச்சா?’ என்று மீஞ்சூர் அரசுப் பள்ளி ஆசிரியரான நீங்களும் பதறியிருக்கலாம். போகவில்லை. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கான சிபிஎஸ்-ஸில் அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டிலும் 10 சதவீதம் அப்போது பிடித்தம் செய்யப்பட்டது. அரசும் அதே அளவு போட்டது. மத்திய அரசின் என்பிஎஸ் போல இது சந்தையோடு ஏறி இறங்கவில்லை. பொது வருங்கால வைப்பு நிதிக்கான வட்டிதான் இதற்கும் தரப்பட்டது. அந்தப் போர்க்காலத்திலும் அது 7.1 சதவீதம்.

கவனிக்க வேண்டியது வேறு: விடுபட்ட வரவு. ஆண்டுக் கணக்குத்தாளை செல்போனிலேயே இறக்கி, களஞ்சியம் செயலியில் உள்ள சம்பளச் சீட்டோடு மாதவாரியாக ஒப்பிடுங்க. ஒரு மாதம் குறைந்தாலும் சம்பளம் வழங்கும் அலுவலரிடம் எழுத்தில் கொடுங்க. ஓய்வு பெறும்போது பார்த்துக்கலாம்னு விட்டா, பழைய சம்பளப் பட்டியலைத் தேடி நீங்கதான் அலையணும்.